புரட்டாசியில் விதைக்கட்டும் பள்ளிகள்

தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. பெரும்பாலான மாவட்டங்களில் பெருமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. இந்த இரண்டில் பள்ளித் தோட்டம் எதைப் பின்பற்ற வேண்டும்? மழையைத்தான். ஆனால், ஆண்டுதோறும் நாம் அதைப் பள்ளி ஆண்டோடு கட்டிப்போடுகிறோம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். பள்ளி திறந்த கையோடு மரக்கன்று நடு விழா நடக்கிறது, காய்கறி விதைப் பொட்டலங்கள் கொடுக்கப்படுகின்றன, படம் எடுக்கப்படுகிறது. அப்போது அக்கினி நட்சத்திரத்தின் சூடே தரையைவிட்டு முழுதாக இறங்கியிருக்காது. ஆழ்துளைக் குழாயில் குடிக்கவும் கழிப்பறைக்கும் தண்ணீர் வந்தாலே போதும் என்ற நிலையில் பல பள்ளிகள் இருக்கும். ஆடிக் காற்று அடித்து ஓய்வதற்குள் கன்றுகள் குச்சிகளாகிவிடுகின்றன. நட்டது எல்லாம் காய்ந்துபோகும் என்பதைத்தான் பிள்ளைகள் வருடாவருடம் பார்த்துக் கற்கிறார்கள். இதைவிட மோசமான சுற்றுச்சூழல் பாடம் வேறு கிடையாது.

தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக 920 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. நீலகிரி, கன்னியாகுமரி, தென்காசி, கோவையின் மேற்குப் பகுதி போன்ற இடங்களுக்குத் தென்மேற்குப் பருவம் தாராளமாகப் பெய்கிறது. மற்ற மாவட்டங்களில் பெரும்பாலானவை அந்த நாள்களில் மழை மறைவுப் பகுதியில் கிடக்கின்றன. அவ்வப்போது மாலையில் இடி மழை பெய்யும், அவ்வளவுதான். ஆக, ஐப்பசி கார்த்திகையின் மழையும் மார்கழி தையின் பனியும் மாசியின் இளவெயிலும்தான் இங்கே காய்கறித் தோட்டத்துக்கு வாய்த்த காலம்.

இந்தக் காலத்துக்குப் பள்ளி நாள்காட்டியும் நன்றாகவே இடம்கொடுக்கிறது. காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து அக்டோபர் தொடக்கத்தில் பிள்ளைகள் திரும்புகிறார்கள். அங்கிருந்து முழு ஆண்டுத் தேர்வுவரை ஆறு மாதங்கள் இருக்கின்றன. இடையில் தீபாவளி, அரையாண்டு, பொங்கல் விடுமுறைகள் வருகின்றன. மழை விடுமுறைகளும் வரும். இவற்றில் எதுவுமே செடியைக் கொல்லும் அளவுக்கு நீளமானதல்ல. அரையாண்டு விடுமுறை வரும் மார்கழியில் மண் ஈரமாக இருக்கும், வெயில் கடுமையாக இருக்காது. கோடை விடுமுறையோ பாத்தியைச் சுட்ட செங்கல்லாக்கிவிடும். ஆகவே, பள்ளித் தோட்டம் புரட்டாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனியில் முடியட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேலி கட்டவும், சருகு மக்கவைக்கவும், மண்ணைக் கொத்திப் பாத்தி பிடிக்கவும் நேரம் இருக்கிறது. விதைப் பொட்டலம் ஜூனில் வேண்டாம், செப்டம்பரில் கொடுங்கள் என்பதே பள்ளிக் கல்வித் துறைக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் என் கோரிக்கை.

எதை விதைப்பது?

முதலில் கீரை. சிறுகீரை 25 நாளில் பறிக்க வந்துவிடும். அக்டோபர் முதல் வாரம் விதைத்த பிள்ளை அந்த மாதம் முடிவதற்குள் தன் கையால் பிடுங்கிச் சத்துணவு அடுப்படிக்குக் கொண்டுபோக முடியும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வேகம் அவசியம். ஏழு வயதில் மூன்று மாதம் என்பது மிக நீண்ட காலம். கீரை விதை கடுகைவிடச் சிறியது, கருப்பாகப் பளபளக்கும். அப்படியே தூவினால் ஓரிடத்தில் கொத்தாக விழும் என்பதால், நான்கைந்து மடங்கு மணலோடு கலந்து தூவ வேண்டும். தூவிய பிறகு மண்ணைப் போட்டு மூடக் கூடாது; உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட்டால் போதும். தண்ணீரைக் குடத்தால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும், பூவாளியால்தான் தெளிக்க வேண்டும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கப் பாத்தியின் ஓரத்தில் அடுப்புச் சாம்பலைக் கோடாகத் தூவிவைப்பார்கள். ஐப்பசி மழையின் முரட்டுத் துளிகள் முளையை மண்ணுக்குள் அடித்துப் புதைத்துவிடும். விதைத்த அன்று தென்னங்கீற்றால் மூடி, முளை தெரிந்ததும் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். இவ்வளவையும் ஒரு பாடவேளைக்குள் செய்து முடிக்கலாம்.

ஒரே நாளில் எல்லாப் பாத்தியையும் விதைப்பதுதான் பள்ளிகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் வெட்ட வேண்டும். அன்றைக்குக் கீரை மலிந்துகிடக்கும், அடுத்த மாதம் முழுக்க ஒன்றும் இருக்காது. பத்து நாள் இடைவெளியில் மூன்று பாத்திகளை விதைத்தால் அறுவடை வந்துகொண்டே இருக்கும். சிறுகீரையை வேரோடு பிடுங்குகிறோம். அரைக்கீரை அப்படியல்ல, கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

முள்ளங்கி 45 நாள் பயிர். சமவெளிக்கு ஏற்ற வெள்ளை ரகங்கள் இருக்கின்றன. கிழங்கு சாம்பாருக்கு, இலை பொரியலுக்கு. நேரடியாக விதைக்கலாம், நாற்று வேண்டாம். மண் மட்டும் ஓரடி ஆழத்துக்குப் பொலபொலவென்று இருக்க வேண்டும். கல் தட்டினால் கிழங்கு இரண்டாகப் பிளக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்தே மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்வார்கள்.

கொத்தமல்லியைத் தொட்டியில் வளர்க்கும் நகரத்துப் பெற்றோர் பலர், முளைக்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். உருண்டையாகத் தெரியும் அந்த மல்லி ஒரே விதையல்ல, இரண்டு விதைகள் சேர்ந்தது. தரையில் பரப்பிச் செருப்பாலோ உருட்டுக் கட்டையாலோ மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து, இரவு முழுக்க ஊறவைத்து விதைத்தால் பத்து நாளுக்குள் தலைகாட்டும். சூடு ஏறினால் இலை விடுவதை நிறுத்திப் பூவுக்குப் போய்விடும் என்பதால் குளிர்மாதங்களே இதற்குப் பொருத்தம். விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரக் கரிசலில் புரட்டாசி ஐப்பசி மழைக்கு விதைத்துவிட்டு, பிறகு மண்ணில் தேங்கிய ஈரத்தையும் பனியையும் நம்பியே மானாவாரியாகக் கொத்தமல்லி எடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் வசதி இல்லாத பள்ளியில் தோட்டம் போட முடியாது என்பவர்கள் அந்தக் கரிசல் காட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயும் அதே பருவத்தில் அதே மானாவாரியில் விளைவதுதான்.

பள்ளிக்கு ஒரே ஒரு கொடி போதும் என்றால் அவரையைச் சொல்வேன். பந்தல் அவரையை ஆடியில் விதைப்பது வழக்கம். ஆனால், நாட்டு ரகங்கள் ஆடியில் விதைத்தாலும் புரட்டாசியில் விதைத்தாலும் பகல் பொழுது சுருங்கிய பிறகுதான் பூக்கும். சென்னையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேர வேறுபாடு இருக்கிறது. நமக்கு உறைக்காத அந்த வேறுபாடு அவரைக்குத் தெரிகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் சூரிய உதயம், மறைவு நேரங்களைச் செய்தித்தாளில் பார்த்து எழுதிவைத்து, முதல் பூ விட்ட நாளையும் குறித்தால், பூமியின் அச்சுச் சாய்வைப் பற்றிய பாடம் பந்தலிலேயே தொங்கும். ஒரு செடியை வேரோடு மெதுவாகத் தோண்டியெடுத்தால் வேரில் சிறுசிறு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்கள் உயிரோடு வேலை செய்கின்றன என்பதற்கு அந்த நிறமே அடையாளம்.

தை பிறந்ததும் அவரைக் கொழுந்தில் அசுவினி வரும். கருப்புப் பொடி அப்பியதுபோல் மொய்க்கும், எறும்பும் கூடவே ஏறும். மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். காலையில் பனித்துளி உலர்வதற்கு முன் சலித்த விறகுச் சாம்பலைத் தூவினால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பொறிவண்டு வந்திருந்தால் அதுவும் வேண்டாம், அதன் புழுவே அசுவினியைத் தின்று தீர்த்துவிடும். பிள்ளைகள் புழங்கும் இடத்தில் பூச்சிக்கொல்லி எக்காரணம் கொண்டும் கூடாது. இதில் சமரசத்துக்கே இடமில்லை.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றுக்கும் நாற்று வேண்டும். அடைமழையில் திறந்த வெளியில் நாற்றுவிட்டால் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். புரட்டாசியிலேயே வகுப்பறைத் தாழ்வாரத்தில், அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சிகளில் நாற்றுவிட்டு, கார்த்திகையில் மழை சற்று விட்டதும் பாத்திக்கு மாற்றலாம். பொங்கல் முடிந்து வரும்போது கத்தரி காய்க்கத் தொடங்கியிருக்கும். நுனிக்கொழுந்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அதைக் கிள்ளி அழித்துவிட வேண்டும். கொட்டாங்குச்சியில் ஓட்டை போடுவதில் அலட்சியம் காட்டாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெங்கு காலம். தண்ணீர் தேங்கிய ஒரு கொட்டாங்குச்சி போதும், ஏடிஸ் கொசு முட்டையிட. பயன்படுத்தாத தொட்டி, டப்பா எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை தோறும் கவிழ்த்துவைப்பது தோட்ட வேலையின் பகுதியாகவே இருக்கட்டும்.

மறந்துவிட்ட ஒரு பயிர்

மேலே சொன்ன எதற்கும் வழியில்லாத பள்ளிகள் இருக்கின்றன. வேலி இல்லை, ஆடு வரும், தண்ணீர் இல்லை, மண் வெறும் மணல். தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலோரத்திலும் தேரிக் காட்டிலும் இப்படிப்பட்ட பள்ளிகளைப் பார்க்கலாம். அங்கே பனங்கொட்டையைப் புதைக்கலாம்.

ஆடி முதல் புரட்டாசி வரை பனம்பழம் விழும். பழத்தைச் சுட்டோ அவித்தோ தின்ற பிறகு கொட்டையை யாரும் சீண்டுவதில்லை. பனை இருக்கும் ஊரில் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை. பள்ளி வளாகத்தின் ஓரத்தில் மணலைக் கூட்டி இரண்டடி உயரத்துக்கு மேடு போட வேண்டும். அதன் மேல் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, லேசாக மண் போர்த்திவிட்டால் வேலை முடிந்தது. பிறகு மழை பார்த்துக்கொள்ளும். ஆடு மேய அதில் ஒன்றும் இல்லை. மாடு மிதித்தாலும் பெரிய சேதமில்லை.

பனையின் முளை மற்ற விதைகளைப் போல மேலே வராது. கொட்டையிலிருந்து குழல்போல ஒன்று கீழ்நோக்கி இறங்கி, மண்ணுக்குள் போய்த்தான் கிழங்கு திரள்கிறது. கெட்டித் தரையில் புதைத்தால் தோண்ட முடியாமல் கிழங்கு ஒடிந்துவிடும். அதனால்தான் பொலபொலவென்ற மேடு. நடுவில் ஒரு கொட்டையை எடுத்து உடைத்துப் பார்த்தால், உள்ளே பஞ்சுபோல் வெள்ளையாகத் தவுன் இருக்கும். அதன் இனிப்புக்காகவே பிள்ளைகள் அரிவாளோடு அலைந்த காலம் உண்டு. முளைக்குச் சேமித்துவைத்த உணவு எப்படி மெல்ல மெல்ல இடம் மாறுகிறது என்பதை இவ்வளவு பெரிதாக, பூதக்கண்ணாடி இல்லாமலே பார்க்கும்படி காட்டும் விதை இன்னொன்றை எனக்குத் தெரியாது. கொட்டையை உடைப்பது மட்டும் பெரியவர் வேலையாக இருக்கட்டும்.

தை பிறக்கும் தறுவாயில் மேட்டைச் சரித்துக் கிழங்கைப் பிடுங்கலாம். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, ஆளுக்கொன்று கொடுத்தால் அந்தப் பள்ளியின் பொங்கல் விழா அதுதான். பிடுங்காமல் விட்ட சில கொட்டைகள் வடலியாகும். ஆனால், மேட்டில் முளைத்ததைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே, மரமாக வேண்டும் என்பதைக் குளக்கரையிலோ சுற்றுச்சுவர் ஓரத்திலோ முதலிலேயே தனித்தனியாகப் புதைத்துவிட வேண்டும். பனை நம் மாநில மரம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளை, தன் கையால் ஒரு பனையையாவது ஊன்றியிருக்க வேண்டாமா?

சர்க்கரைவள்ளியும் இப்படிச் சிரமம் கொடுக்காத பயிர்தான். கொடியின் நுனித் துண்டுகளை ஐப்பசியில் மேட்டு வரிசையில் ஊன்றினால் நான்கு மாதத்தில் கிழங்கு. தரையை மூடிப் படர்வதால் களை எடுக்கும் வேலை குறையும். உள்ளே ஆரஞ்சு நிறமான ரகம் கிடைத்தால் அதையே நடுங்கள். கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ அதில்தான் அதிகம்.

மரம் நடுவதை நான் எதிர்க்கவில்லை, ஜூனில் நடுவதைத்தான் எதிர்க்கிறேன். மரக்கன்றுக்கும் ஐப்பசியே நல்ல மாதம். வெயில் வருவதற்குள் வேர் இறங்கிவிடும். முருங்கையை விதை போட்டே வளர்க்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பிகேஎம் 1 ரகம் ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும், கீரை அதற்கு முன்பே கிடைக்கும். வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும் என்பதால் மேடு கட்டி நட வேண்டும். ஒரு எச்சரிக்கை: மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் கம்பளிப் பூச்சி அடை அடையாக அப்பும். பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். வகுப்பறை சன்னலுக்கும் பிள்ளைகள் நடக்கும் வழிக்கும் தள்ளி, வளாகத்தின் பின்பக்கம் வைப்பதே சரி. கடலோர மாவட்டங்களில் கட்டடத்தை ஒட்டி முருங்கை, பப்பாளி, வாழை வேண்டவே வேண்டாம். கஜா புயல் வந்தது 2018 நவம்பரில், வர்தா 2016 டிசம்பரில், தானே 2011 டிசம்பரில். நாம் தோட்டம் போடச் சொல்லும் மாதங்களேதான் புயலின் மாதங்களும். அங்கே கீரையும் கிழங்கும் போலத் தரையோடு கிடக்கும் பயிர்களுக்கே முதலிடம்.

உதகை, கொடைக்கானல் பள்ளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டிசம்பர் ஜனவரியில் உறைபனி விழுந்து கீரையும் பீன்ஸும் ஓர் இரவில் கருகிவிடும். அங்கே ஏப்ரல் மேயில் தொடங்கும் வேறொரு நாள்காட்டி வேண்டும். டெல்டாவின் களிமண்ணில் மழைத் தண்ணீர் நிற்கும். தரையைவிட ஓரடி உயர்ந்த மேட்டுப் பாத்தி இல்லாமல் எதுவும் தேறாது. விதை கொடுக்கும்போது மாநிலம் முழுவதற்கும் ஒரே பொட்டலம் கொடுப்பதில் இருக்கும் சிக்கல் இதுதான்.

தட்டில் எவ்வளவு சேரும்?

மிகைப்படுத்த வேண்டாம். மதிய உணவுத் திட்ட விதிப்படி தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம், நடுநிலை வகுப்புப் பிள்ளைக்கு 75 கிராம் காய்கறி கொடுக்க வேண்டும். 60 குழந்தைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு நாளொன்றுக்கு 3 கிலோ. கீரை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தரும். பத்து சதுர மீட்டர் பாத்தி ஒன்று, மூன்று நாள் தேவையைத்தான் நிரப்பும். இரண்டு மூன்று சென்ட் தோட்டத்தால் ஒரு பள்ளியின் காய்கறிச் செலவு முழுதும் தீராது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் அன்று காலையில் பறித்த கீரை தட்டுக்கு வரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. அந்தக் குழந்தைகள்தான் இன்று நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். தான் தண்ணீர் ஊற்றிய கீரையைத் தட்டில் ஒதுக்கிவைக்கும் பிள்ளையைக் காண்பது அரிது என்று சத்துணவுக் கூடங்களில் வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். கீரையைக் கண்டாலே முகம் சுளிக்கும் தலைமுறையிடம் இதைவிட வலுவான பேச்சுவார்த்தை நடத்த முடியாது.

காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவு, 2022இல் வந்த காலை உணவு என்று பள்ளி அடுப்படிக்கு இங்கே நீண்ட வரலாறு இருக்கிறது. பள்ளித் தோட்டமும் புதிதல்ல. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் மண்வெட்டிக்கும் பாடப்புத்தகத்துக்கும் சம இடம் இருந்தது. திண்டுக்கல் அருகே காந்திகிராமம் அதை நடத்திக் காட்டியது. 2019இல் மத்தியக் கல்வித் துறையும் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அடுப்பும் இருக்கிறது, ஆணையும் இருக்கிறது. சரியான மாதத்தில் விதையும், கொஞ்சம் நேரமும்தான் இல்லை.

நேரத்தைப் பற்றி ஆசிரியர்கள் சொல்லும் குறை நியாயமானது. ஏற்கெனவே இணையத்தில் விவரம் ஏற்றுவதற்கே அவர்கள் பொழுது போய்விடுகிறது. தோட்டத்துக்கும் ஒரு பதிவேடு, ஒரு செயலி, தினம் ஒரு புகைப்படம் என்று தொடங்கினால் அத்தோடு தோட்டம் செத்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரில் விவசாய வேலைக்குப் போகும் தாய்மார்கள் எத்தனையோ பேர். கூலி கொடுத்து அவர்களில் ஒருவரை வாரத்துக்கு இரண்டு நாள் அழைப்பது, எந்தப் பயிற்சிப் பட்டறையையும்விட உருப்படியான செலவு.

அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. நம் பள்ளிகளில் துப்புரவு வேலைக்குக் குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளை ஏவிய கொடுமைகள் செய்தியாக வந்திருக்கின்றன. தோட்ட வேலை அந்தப் பாதையில் போக விடக் கூடாது. பெயர்ப் பட்டியல் வரிசைப்படி எல்லாப் பிள்ளைகளும் மண்ணைத் தொட வேண்டும். தலைமை ஆசிரியரும் தொட வேண்டும். தண்டனையாகக் களை எடுக்கச் சொல்வது தடைசெய்யப்பட வேண்டும். பெண் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுவது, ஆண் பிள்ளைகள் குழி வெட்டுவது என்ற பிரிவினையும் வேண்டாம். மழைக்காலத்தில் பாம்பு வரும் என்ற பயமும் நியாயமானதே. பாத்திகளுக்கு இடையே இரண்டடி நடைவழி விட்டு, சுவரோரப் புதரை வெட்டி, கல் குவியலை அப்புறப்படுத்தி, செருப்பில்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று வைத்தால் பயம் பெரிதும் குறையும்.

தட்டு கழுவும் குழாயடித் தண்ணீர் இன்று பெரும்பாலான பள்ளிகளில் சேறாகத் தேங்கி நாறுகிறது. ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் அதிலேயே சேம்பும் கல்வாழையும் வளரும். புயல் பயம் இல்லாத உள் மாவட்டமாக இருந்தால் இரண்டு வாழையும் வைக்கலாம். மழை நின்ற தை மாசியில் இந்தத் தண்ணீரின் அருமை தெரியும்.

மாசிக் கடைசியில் அவரைக் கொடியின் அடிப்பகுதிக் காய்கள் சிலவற்றைப் பறிக்காமல் முற்றவிட வேண்டும். தோல் சுருங்கி, ஆட்டினால் உள்ளே கலகலக்கும் பதத்தில் பறித்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து பாட்டிலில் அடைத்துத் தலைமை ஆசிரியர் அறை அலமாரியில் வைக்கலாம். முள்ளங்கியிலும் கொத்தமல்லியிலும் இரண்டிரண்டு செடிகளைப் பூக்கவிட்டு விதை எடுக்கலாம். பாட்டிலின் மேல் பயிரின் பெயர், எடுத்த மாதம், எந்த வகுப்பு என்று ஒட்டிவைத்துவிட்டால், வருகிற செப்டம்பரில் யாருடைய பொட்டலத்துக்கும் காத்திருக்கத் தேவையிருக்காது.